அடுப்பேறா இனிப்பின் வரலாறு

உணவின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நெருப்பிலிருந்தே தொடங்குவர். மனிதன் நெருப்பைக் கண்டான், சமைத்தான், நாகரிகம் எய்தினான் என்பது அவர்கள் வகுக்கும் வரிசை. அவ்வரிசை பிழையானதன்று. ஆயினும் கனியையும் பருப்பையும் மாவையும் கையாற் பிசைந்து, உருட்டி, அடுப்பிலேற்றாமலே உண்ணும் வழக்கமும் மனித இனத்தில் மிகத் தொன்மையானது. அடுப்புக்குக் கிடைத்த புகழ் அவ்வழக்கத்துக்குக் கிடைக்கவில்லை. அதனைச் சற்று விரிவாக நோக்குவதே இக்கட்டுரையின் பொருள்.

இதற்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அண்மைக் காலமாகப் புதிய பண்டம் ஒன்று இடம்பெற்று வருகிறது. பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி அரைத்து, வறுத்த பருப்பும் கொக்கோப் பொடியும் சேர்த்து உருட்டிவிடுகின்றனர். அடுப்பு வேண்டா, பாகு வேண்டா, சர்க்கரையும் வேண்டா. பிள்ளைகள் அதனை ஆங்கிலப் பெயரிட்டு அழைத்து விரும்பி உண்கின்றனர். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியோ, "இதுவும் ஒரு பலகாரமா?" என்று கேட்டு அப்பால் நகர்ந்துவிடுகிறார். பேத்திக்கு அது புத்தம் புதியது. பாட்டிக்கு அது அயலானது. இவ்விரு கருத்துகளையும் வரலாறு ஏற்பதில்லை என்பதைக் காட்டுவது நம் கடமையாகும். ஏனெனில் இத்தகைய சிறு பொருள்களில்தான் ஒரு குடும்பத்தின் இரு தலைமுறைகள் ஒன்றையொன்று அறியாது பிரிகின்றன.

பேரீந்தின் பழமை

பேரீச்சை மனிதன் பயிரிட்ட மிகப் பழைய கனிமரங்களுள் ஒன்று. அபுதாபியைச் சார்ந்த டல்மா என்னும் தீவில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பேரீச்சங்கொட்டைகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. மெசபொட்டேமியாவின் ஆற்றங்கரைகளில் அது செல்வத்தின் அளவுகோலாகவே இருந்தது. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹம்முராபி மன்னனின் சட்டத் தொகுப்பில் தோட்டங்களைப் பற்றிய விதிகள் தனியே இடம்பெற்றுள்ளன. ஒருவன் நிலத்தைப் பெற்றுத் தோட்டம் வைத்தால் நான்காண்டு அதனை வளர்க்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் உரிமையாளனும் அவனும் சரிபாதியாகப் பகிர வேண்டும். நட்டவன் பயன்காணப் பொறுத்திருக்க வேண்டிய மரங்களைப் பற்றிய சட்டம் அது.

இக்கனி இந்தியக் கரையை அடைந்த காலமும் சிறிதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளுஸ்' என்னும் கடற்பயண நூல், பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து இன்றைய பரூச் ஆகிய பரிகாசாவுக்குப் பேரீச்சம்பழம் ஏற்றுமதியானதைக் குறிப்பிடுகிறது. முசிறியையும் கொற்கையையும் கூறும் நூலும் இதுவேயாகும்.

தமிழர்க்கோ இம்மரத்தின் இனம் அந்நியமானதன்று. நம் நாட்டுக் காடுகளில் தானே வளரும் ஈச்சமரம் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. சங்க இலக்கியம் அதனை 'ஈந்து' என்னும். எயினர் தம் குடிசைகளை ஈந்தின் இலையால் வேய்ந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. கடல் கடந்து வந்த பெரிய கனிக்கு நம் முன்னோர் அயற்பெயரை இரவல் வாங்கவில்லை. தம் ஈந்தோடு 'பெருமை' என்னும் அடையைச் சேர்த்துப் பேரீந்து என்றும் பேரீச்சை என்றும் வழங்கினர். வந்ததைத் தமதாக்கிக்கொள்ளும் முறை ஒன்று இப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

பிற்காலத்தில் இக்கனிக்கு நம்மிடையே ஓர் இறக்கமும் நேர்ந்தது. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தெருவில் வந்த வணிகரைத் தமிழகத்து முதியோர் நன்கறிவர். ஓட்டைப் பாத்திரத்தைக் கொடுத்தால் ஒரு கைப் பழம் கிடைக்கும். அதனாலேயே, பயனற்றுப் போன பொருளைப் 'பேரீச்சம்பழத்துக்குத்தான் போடவேண்டும்' என்று கேலி பேசும் வழக்கமும் தோன்றியது. ஈராக்கின் பாஸ்ரா நகரைச் சூழ்ந்த தோப்புகள் அக்காலத்தில் உலகுக்கே பழம் வழங்கின. 1980 முதல் 1988 வரை நிகழ்ந்த ஈரான்–ஈராக் போரில் அத்தோப்புகள் பெருமளவு அழிந்தன. இன்று தில்லியின் காரி பாவ்லிக் கடைத்தெருவில் பேரீச்சம்பழம் பாதாமுக்கும் முந்திரிக்கும் அருகே அமர்ந்து உயர்ந்த விலை பேசுகிறது. பொருளின் மதிப்பு அதனைப் பெறும் வழியைப் பொறுத்தும் மாறும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பாக்தாதின் உருண்டை

இனி நம் பொருளின் நடுவிடத்துக்கு வருவோம். கி.பி. 1226இல் முகம்மது இப்ன் அல்-ஹசன் அல்-பாக்தாதி என்பவர் சமையல் நூலொன்றை அரபு மொழியில் இயற்றினார். அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஆர்பெரி என்னும் அறிஞர். அம்மொழிபெயர்ப்பு 1939இல் வெளிவந்த இடம் இலண்டன் அன்று. நம் ஐதராபாத்திலிருந்து வெளிவந்த 'இஸ்லாமிக் கல்ச்சர்' என்னும் ஆராய்ச்சி இதழேயாகும்.

அந்நூலில் 'ஹைஸ்' என்னும் பண்டம் கூறப்படுகிறது. நன்கு உலர்ந்த ரொட்டியைப் பொடித்து ஒரு ராத்தல் எடுத்துக்கொள்ள வேண்டும். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் முக்கால் ராத்தல். பொடித்த பாதாமும் பிஸ்தாவும் மூன்று ஊக்கியா. இவற்றைக் கையால் நன்கு பிசைந்து, காய்ச்சிய நல்லெண்ணெய் இரண்டு ஊக்கியா வார்த்து மீண்டும் பிசைந்து, உருட்டிச் சர்க்கரைப் பொடியில் புரட்ட வேண்டும். எண்ணெய்க்கு மாற்றாக வெண்ணெயும் சேர்க்கலாம். பன்னிரண்டு ஊக்கியா கொண்டது ஒரு ராத்தல் என்பது அந்நாட்டு அளவு. இப்பண்டம் வழிப்பயணத்துக்கு மிகவும் ஏற்றது என்னும் குறிப்பையும் ஆசிரியர் இறுதியில் சேர்த்துள்ளார்.

இங்கு இரு செய்திகளை நாம் கருத வேண்டும். முதலாவது சொல்லைப் பற்றியது. ஒரு தலைமுறைக்கு முன்புவரை நம் கடைத்தெருவில் நூலும் காப்பிக்கொட்டையும் நிறுத்த 'இராத்தல்', அந்த அரபு ராத்தலின் வழிவந்ததே. பண்டத்தின் அளவு நம் நாவில் குடியேறிவிட்டது. பண்டத்தை மட்டும் புதியதென்று எண்ணுகிறோம். இரண்டாவது செய்தி அதனினும் பெரிது. அடுப்பேறா இனிப்பை 800 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் வழிநடைக்காரருக்கு உரியதென்று வகுத்துவிட்டார். வீட்டை விட்டுச் செல்பவனிடம் அடுப்பு இல்லை, விறகு இல்லை, பாத்திரமும் இல்லை. அவனிடம் ஒரு மூட்டை மட்டுமே உண்டு. அம்மூட்டைக்குள் கெடாமலும் கொட்டாமலும் இருந்து, கைப்பிடி அளவில் பசி தீர்க்கும் பண்டமே அவனுக்கு வேண்டும்.

தமிழகத்து அடுப்பேறாப் பண்டங்கள்

இத்தகைய பண்டங்கள் தமிழகத்தில் இல்லையோ எனின், நிறையவே உண்டு. நாம் அவற்றைப் பலகாரத் தட்டில் தேடுவதால் காண்பதில்லை. அவை வழிபாட்டிடத்தில் இருக்கின்றன.

பழனி பஞ்சாமிர்தம் யாவரும் அறிந்தது. மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம், கற்கண்டு, நெய், தேன், ஏலம் ஆகியவை அதன் உறுப்புகள். ஒரு துளி நீரும் சேர்ப்பதில்லை; பிசைந்து சேர்ப்பதே அதன் செய்முறை. 2019ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பேரீச்சை கலந்த அடுப்பேறா இனிப்பு ஒன்று தமிழர் வழிபாட்டில் இடம்பெற்றிருக்க, அதே கனியை உருட்டித் தந்தால் அயற்பண்டம் என்பது எவ்வாறு பொருந்தும்?

மாவிளக்கை எண்ணிப் பாருங்கள். பச்சரிசியை ஊறவைத்து, நீர் வடித்து, இடித்த மாவில் வெல்லமும் நெய்யும் ஏலமும் சேர்த்துப் பிசைகின்றனர். உருட்டி, நடுவே குழித்து, நெய்யிட்டுத் திரி ஏற்றுகின்றனர். அடுப்பின் நெருப்பு அதற்கு அடியில் இல்லை. வழிபாட்டின் சுடரே அதன்மேல் எரிகிறது. குறிஞ்சி நிலத் தெய்வத்துக்கு உரிய தேனும் தினைமாவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஊறிய அரிசியில் வெல்லமும் தேங்காயும் சேர்த்த காப்பரிசியும், இராமநவமிப் பானகமும் அடுப்பை அறியாதவை. வறுத்த எள்ளை வெல்லத்தோடு உரலில் இடித்து உருட்டும் எள்ளுருண்டைக்கு வறுக்க மட்டுமே நெருப்பு வேண்டும். பாகு காய்ச்ச வேண்டுவதில்லை.

இவை அனைத்தையும் ஒருங்கே வைத்து நோக்கின் ஒரு பொது இலக்கணம் புலப்படும். இனிமைக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, உடலுக்கு மாவோ பருப்போ ஒன்று, மணத்துக்கு ஒன்று என நான்கு உறுப்புகள். இவற்றைச் சேர்ப்பது கை. பாக்தாதின் ஹைஸும் இதே இலக்கணத்தில் அமைந்ததே. நாடுகள் வேறாயினும் முறை ஒன்றே.

கொக்கோவின் பயணம்

புதிய உருண்டையில் உண்மையாகவே புதியது கொக்கோ ஒன்றுதான். அதன் வரலாறும் அறியத்தக்கது.

கொக்கோ தென்னமெரிக்காவின் மேல் அமேசான் பகுதிக்கு உரிய மரம். ஈக்வடார் நாட்டின் சாந்தா அனா–லா புளோரிடா என்னும் இடத்தில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அதனைப் பயன்படுத்தியமை 2018இல் வெளியான ஆய்வினால் தெரியவந்தது. மாயர்களும் அசுடெக்குகளும் அதனை உண்ணவில்லை, பருகினர். அசுடெக்குகளிடையே அதன் கொட்டைகள் நாணயமாகவும் வழங்கின. 16ஆம் நூற்றாண்டில் அது ஸ்பெயினை அடைந்தபின் சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் அதனோடு கூடின. 1753இல் லின்னேயஸ் என்னும் தாவர அறிஞர் அம்மரத்துக்கு இட்ட பெயருக்குத் 'தெய்வங்களின் உணவு' என்பது பொருள். நம் பஞ்சாமிர்தத்தில் உள்ள அமிர்தமும் தேவர் உணவே. கடல்களுக்கு அப்பால் இரு மக்களினங்கள் தத்தம் சிறந்த சுவைக்கு ஒரே வகையில் பெயரிட்டிருப்பது வியப்புக்குரியது.

கொட்டையிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுத்துப் பொடி செய்யும் முறைக்கு 1828இல் நெதர்லாந்தில் வான் ஹவுட்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்றனர். அப்பொடியோடு சர்க்கரையும் உருக்கிய கொக்கோக் கொழுப்பும் சேர்த்து அச்சில் வார்த்த கட்டிச் சாக்லேட்டை 1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஃபிரை நிறுவனத்தார் செய்தனர். 1875இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் பாலைச் சேர்த்தார். ஆகவே நாம் கையிற் பிடித்துக் கடிக்கும் சாக்லேட்டுக்கு இருநூறாண்டு வயதும் நிறையவில்லை.

நம்மவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று இங்கு உண்டு. இந்திய மண்ணில் கொக்கோவை முதலில் நட்ட இடங்களுள் ஒன்று திருநெல்வேலிச் சீமையின் குற்றாலம். 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே அதனை நட்டனர். பெருந்தொழிலாக அது அப்போது வளரவில்லை. 1965 முதல் கேரளத்தின் வயநாட்டில் மீண்டும் முயற்சி தொடங்கியது. 1973இல் மங்களூரில் பாக்கு விவசாயிகள் அமைத்த காம்ப்கோ கூட்டுறவுச் சங்கம், 1986இல் புத்தூரில் தனக்கெனச் சாக்லேட் ஆலையையே நிறுவியது. இன்று கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களிலும் தென்னைக்கும் பாக்குக்கும் ஊடுபயிராகக் கொக்கோ விளைகிறது. பொள்ளாச்சித் தோப்புகளைக் கண்டவர்கள் தென்னையின் நிழலில் அது காய்த்திருப்பதை அறிவர்.

ஒளிந்திருக்கும் நெருப்பு

அடுப்பேறா இனிப்பு என்றோம். ஆழ்ந்து நோக்கின் நெருப்பே இல்லாத உணவு அரிது. நெருப்பு வேறிடத்தில் எரிந்திருக்கிறது என்பதே உண்மை. பேரீச்சங்கனியைப் பாலைவனத்து ஞாயிறு மரத்திலேயே பக்குவம் செய்துவிட்டது. வெயில் அதன் நீரை வாங்கியதால் இனிமை செறிந்தது. செறிந்த இனிமை எஞ்சிய நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிகள் அதில் எளிதில் வளர்வதில்லை. நீர் சேராத பஞ்சாமிர்தம் பல நாள் கெடாதிருப்பதற்கும் இதுவே காரணம். கொக்கோவின் நெருப்போ ஆலையில் எரிந்தது. புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்த பின்னரே அதற்கு அந்த மணம் வாய்க்கிறது.

நெருப்பைப் போலவே உழைப்பும் ஒளிந்திருக்கிறது. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் விளைகிறது. அங்குள்ள தோட்டங்களில் சிறுவர்கள் உழைப்பது பன்னாட்டு ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. சாவோ தோமே தீவின் தோட்டங்களில் அடிமைமுறை நிலவியது கண்டு 1909இல் இங்கிலாந்தின் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் அத்தீவின் கொக்கோவை வாங்க மறுத்தன. அவ்வாறு மறுக்க நூறாண்டுக்கு முன்பே முடிந்தது. நம் பிள்ளைகளுக்குச் சாக்லேட்டின் சுவையைத் தரும்போது இவ்வரலாற்றையும் சேர்த்துத் தருதல் நன்று.

செய்முறையும் அதன் காரணமும்

வீட்டில் செய்யும் முறையை இப்போது கூறின் அதன் பொருள் எளிதில் விளங்கும். கொட்டை நீக்கிய மென்மையான பேரீச்சம்பழம் 200 கிராம்; வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையோ பாதாமோ 100 கிராம்; சர்க்கரை சேராத கொக்கோப் பொடி இரண்டு மேசைக்கரண்டி; ஏலப்பொடி சிறிது; உப்பு ஒரு சிட்டிகை. பருப்பை முதலில் கொரகொரப்பாகப் பொடித்து எடுத்துவைக்க வேண்டும். பழத்தை அரைத்து விழுதாக்கி, பொடிகளைச் சேர்த்து, உள்ளங்கையில் நெய் தொட்டு உருட்ட வேண்டும். ஏறத்தாழ 16 உருண்டைகள் வரும். பழம் உலர்ந்திருப்பின் வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, நன்றாக வடித்துத் துடைத்துக்கொள்ளலாம். நீர் மிகுந்தால் உருண்டை நில்லாது; விரைவில் கெடவும் செய்யும்.

தில்லியில் வாழ்வோர் ஒன்றை நினைவிற்கொள்ளல் வேண்டும். கொக்கோக் கொழுப்பு ஏறத்தாழ 34 பாகை வெப்பத்தில் உருகிவிடும். இந்நகரின் கோடையில் அறையே அதனினும் சூடேறும். சாக்லேட் கட்டியை உருக்கிச் செய்யும் பண்டம் மே, ஜூன் திங்களில் குளிர்ப்பெட்டிக்கு வெளியே நில்லாது. கொழுப்பின் பெரும்பகுதியை நீக்கிய பொடியால் செய்த உருண்டையைப் பேரீச்சையின் பிசுபிசுப்பே கட்டி நிறுத்துகிறது. 1828இன் கண்டுபிடிப்பு ஒரு சிறு சமையலறையில் இவ்வாறு பயன்படுகிறது.

நலம் என்னும் சொல்

இப்பண்டத்தைச் 'சர்க்கரையில்லா இனிப்பு' என்று சிலர் புகழ்கின்றனர். இது முழு உண்மையன்று. 100 கிராம் பேரீச்சம்பழத்தில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு. மேற்கூறிய கணக்கின்படி ஓர் உருண்டையில் ஏறத்தாழ 8 கிராம் சர்க்கரை சேர்கிறது. நீரிழிவு உடையவர்கள் அதனை மருந்தென எண்ணிவிடலாகாது. எனினும் அதன் நன்மையையும் மறுத்தற்கில்லை. பழத்தில் 100 கிராமுக்கு ஏழு கிராம் அளவில் நார்ப்பொருள் உள்ளது. பருப்பில் புரதமும் கொழுப்பும் உள்ளன. ஒன்றிரண்டு உண்டாலே நிறைவு தோன்றும். கடையில் வாங்கும் இனிப்பில் என்ன கலந்தது, எவ்வளவு கலந்தது என்பதை நாம் அறியோம்; இங்கே கலந்தது நம் கை. நலம் என்பது பொருளில் மட்டுமன்று, அளவிலும் அறிவிலும் இருக்கிறது. முன்னோர் பஞ்சாமிர்தத்தைக் கிண்ணத்தில் வழங்கவில்லை. உள்ளங்கையில் சிறிதளவே வழங்கினர்.

வழிநடைக்காரரின் உணவு

சென்னைக்கும் தில்லிக்கும் இடையே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. 1976இல் தமிழ்நாடு விரைவு வண்டி ஓடத் தொடங்கியபின்பும் இப்பயணம் ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து நீள்வதே. அவ்வண்டிகளில் வடக்கே வந்த நம் மூத்த தலைமுறையினரின் பெட்டிகளில் துணிமணிகளோடு தகர டப்பாக்களும் வந்தன. அவற்றில் எள்ளுருண்டையும் பொருளங்காய் உருண்டையும் இருந்தன. பயணம் முடிந்து, ஓர் அறை வாடகைக்குப் பிடித்து, மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று வாங்கும்வரை அவ்வுருண்டைகளே பலருக்குக் காலைச் சிற்றுண்டியாயின. 1226இல் பாக்தாதில் ஒருவர் எழுதிவைத்த குறிப்புக்கு இவர்களினும் சிறந்த விளக்கவுரை எழுதியவர் யார்?

ஆதலின் பேத்தி உருட்டுவது புதுமையும் அன்று. பாட்டி அஞ்சுவது போல அயன்மையும் அன்று. ஊரைவிட்டு வந்தவர்கள் வழிவழியாகச் செய்துவரும் செயலையே அவள் செய்கிறாள். கிடைத்த கனியை, கிடைத்த பருப்பை, தன் நாவறிந்த ஏலத்தோடு சேர்க்கிறாள். அவளிடம் இல்லாதது ஒன்றே: தான் செய்வதற்கு ஒரு மரபு உண்டு என்னும் அறிவு. அதனைத் தர வல்லவர் பாட்டி. மாவிளக்குக்கு மாவின் பதம் எவ்வளவு, எள் எப்போது வெடிக்கும், உருண்டை உதிர்ந்தால் நெய்யா வெல்லமா சேர்க்க வேண்டும் என்பவை எந்த நூலிலும் முழுதாக இல்லை. அவை அவருடைய விரல்களில் உள்ளன. விரல்களில் உள்ளதை அருகிருந்து பெற்றாலன்றி அடுத்த தலைமுறைக்கு அது கிட்டாது.

புலம்பெயர்ந்த குடும்பங்கள் மொழியைக் காக்க வகுப்புகள் நடத்துகின்றன. இசையைக் காக்க விழாக்கள் எடுக்கின்றன. இவை போற்றத்தக்கவை. இவற்றோடு, விடுமுறை நாள் ஒன்றில் பாட்டியையும் பேத்தியையும் ஒரே தட்டின் முன் அமர்த்துங்கள். ஒரு பக்கம் எள்ளும் வெல்லமும் இருக்கட்டும். மறுபக்கம் பேரீந்தும் கொக்கோவும் இருக்கட்டும். இருவரும் உருட்டட்டும். உருட்டும்போது பேத்தி தமிழில் பெயர் கேட்பாள். பாட்டி பேரீந்து என்பார். அயற்கனிக்குத் தம் சொல்லால் பெயரிட்ட முன்னோரின் வழியில், புதிய உருண்டைக்கும் அவ்விருவரும் ஒரு பெயர் கண்டுகொள்வர்.